நிலவறைத் தொட்டியில் துரை மீன்

1

போன கிறிஸ்மஸ் அன்று மத்தியானம் என் மைத்துனன் மைக்கேலின் தட்டில் ஒரு மீனைப் பொரித்து வைத்தேன். ஐந்து மாதம் அந்த மீனை அவனுக்கென்றே கொழுக்க வைத்திருந்தேன். அன்பினால் அல்ல. அதற்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே சாதி மீன் இரண்டை அவனுக்குக் கொடுத்து, அவனாலேயே காட்டிக் கொடுக்கப்பட்டு, வேலையையும் குடியிருந்த காம்பரா அறையையும் இழந்தவன் நான். அவன் அந்த மீனைத் தின்னும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். அதுதான் என் ஆசை.

இந்தக் கிறிஸ்மஸோடு ஒரு வருஷம் ஆகிறது. ஆறிவிடும் என்று நானும் காத்திருந்து பார்த்தேன். ஆறவில்லை. ஆறாததை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நல்லவன் மாதிரி நடமாட எனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் இருப்பது நோர்வேயின் வடக்கே ஒரு துறைமுக ஊர். நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் மறுபடி முகம் காட்டும். அதுவரைக்கும் மத்தியானத்தில் ஓரிரு மணி நேரம் நீல நிறத்தில் ஒரு வெளிச்சம் வரும், அதைத்தான் இங்கே பகல் என்கிறார்கள். காலை ஆறு மணிக்கு மீன் பெக்டரியில் வேலை. கையுறைக்கு மேல் கையுறை போட்டு நாள் முழுக்கக் கொட் மீனைக் கீறி முள் எடுக்கிறேன். மூன்றரை மணிக்கு வீடு வந்து, உடுப்பு மாற்றிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினால் அங்கேயும் மீன்.

கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். கடல் வாசல் வரைக்கும் வந்து கிடக்கிற ஊரில் வீட்டுக்குள் தொட்டி வைத்து மீன் வளர்க்கிறானே, இவனுக்கு மூளை பிசகிவிட்டதா என்று கேட்கிறார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். அவர்களுக்கு எப்படி விளக்குவது? என் பாஷையில் அதற்குச் சொல் இருக்கிறது, அவர்கள் பாஷையில் எனக்கு வேலைக்கும் கடைக்கும் வேண்டிய சொல் மட்டும்தான் இருக்கிறது. நானும் சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

2

நாட்டிலிருந்து கடிதம் போடுகிறவர்கள் இதைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். பனி நாட்டில் மீனும் கீரையும் ஒரே தண்ணீரில் எப்படி வளர்க்கிறாய், தண்ணீரைச் சூடாக்கியே மின்சாரம் தீர்ந்துவிடாதா என்று. சூடாக்கினால்தானே தீரும்? எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். குளிர் நாட்டில் இருந்துகொண்டு சூட்டு நாட்டு மீனுக்கு ஆசைப்படுகிறார்கள். நான் வளர்ப்பது ட்ரவுட். அதற்குக் குளிர்தான் வேண்டும். எங்கள் நிலவறையின் குளிர் அதற்கு இலங்கை மலைநாட்டுப் பட்டிப்பொல ஓடை மாதிரி.

பெக்டரியில் கழித்துப்போட்ட பெரிய பிளாஸ்டிக் தொட்டி இரண்டு. அவற்றுக்கு மேலே பலகை அடித்துச் சாய்வாக வைத்த நான்கு மரப்பெட்டிகள். பெட்டிக்குள் மண் கிடையாது, உப்புப் போகக் கழுவிய கடற்கரைக் கல் மட்டும். மீன் கழிப்பதெல்லாம் தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீரை ஒரு சின்னப் பம்பு மேலே தூக்கிக் கல்லில் விடுகிறது. கல்லின் மேல் வழுவழுப்பாக ஒன்று படியும். அதில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன. மீனுக்கு விஷமாக இருப்பதை அவை செடிக்கு எருவாக மாற்றிவிடும். செடி குடித்தது போக மிச்சத் தண்ணீர் ஓரடி உயரத்திலிருந்து மறுபடி தொட்டிக்குள் விழும்போது காற்றையும் கொண்டுபோகும். மேலே டியூப் லைட். அவ்வளவுதான் வித்தை.

லீக்ஸ், சலாது, மல்லிக்கீரை, பசளி நன்றாக வரும். கொச்சி மிளகாய் வராது. இரண்டு வருஷம் கொச்சிச் செடியோடு மல்லுக்கட்டித் தோற்று, கடைசியில் அதை அடுப்பு எரியும் குசினி ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். குளிரில் அந்தக் கிருமிகளும் சோம்பேறிகள். முதல் மூன்று மாதம் ஒரு சிட்டிகைக்கு மேல் இரை போடக்கூடாது. ஆசைப்பட்டுக் கை நிறையப் போட்டால் மறுநாள் மீன் வயிறு காட்டி மிதக்கும்.

காலையில் தொட்டியின் விளிம்பில் தட்டினால் எல்லா மீனும் ஒரு மூலைக்கு வரும். நான் எண்ணுவேன். அதற்குப் பெரட்டு என்று பெயர் வைத்திருக்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிப்பதைத்தான் பெரட்டு என்போம். என் மகள் ரீட்டா அந்தச் சொல்லை மீனுக்கு மட்டும் உரியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஐந்தரை வயதில் இங்கே வந்தவள், தோட்டத்தில் அவள் கண்ட பெரட்டு எது?

ஒரு பயம் மட்டும் எப்போதும் உண்டு. பம்பு நின்றால் அரைமணி நேரத்தில் ட்ரவுட் மூச்சு முட்டிச் செத்துவிடும். அதனால் வீட்டில் எந்நேரமும் ஒருவர் காது கொடுத்துக்கொண்டு இருக்க வேண்டும். நான் பெக்டரியில் இருக்கும் நேரமெல்லாம் அந்தக் காது என் மனைவி ரெஜினாவுடையது. மத்தியான இரை போடுவதும் அவள்தான். அவள் இல்லாமல் இந்தத் தொட்டி ஒரு வாரம் தாங்காது.

3

இந்த வித்தையை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. பட்டிப்பொலவுக்கு மேலே ஓர் ஓடையோரம், தோட்டத் துரைமார் சிலர் சேர்ந்து படி படியாக ஏழு சீமெந்துத் தொட்டி கட்டி ட்ரவுட் குஞ்சு வளர்த்தார்கள். வளர்ந்த மீனை ஓடைகளில் விட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டிலோடு வருவார்கள். அவர்களைத் தவிர வேறு ஆள் அதைத் தொடக்கூடாது. எங்கள் சனம் அதைத் துரை மீன் என்றே சொல்லும். எங்கள் றொசல்லத் தோட்டத்துப் பெரிய துரையும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்பதால், தொட்டிக்குக் காவல் வாச்சராக என்னை அனுப்பினார். திங்கட்கிழமை கோச்சி ரயிலில் போவேன், சனிக்கிழமை கோச்சியில் எங்கள் வரிசை வீடான லயத்துக்கு வருவேன். கடைசித் தொட்டியின் கழிவுத் தண்ணீர் ஓடும் கானோரத்தில் யாரோ எறிந்துவிட்டுப் போன லீக்ஸ் நாற்று, உரம் காணாமலே மணிக்கட்டுப் பருமனுக்கு வளர்ந்து நின்றதை அங்கேதான் பார்த்தேன்.

எழுபத்து நாலாம் வருஷத்துப் பஞ்சம் உங்களுக்குத் தெரியும், நான் சொல்லத் தேவையில்லை. கூப்பன் அரிசி குறைந்து, மாவும் கிடைக்காமல், லயத்துப் பிள்ளைகளின் கால் வீங்கத் தொடங்கிய காலம். ரெஜினாவின் தம்பி மைக்கேல் எங்கள் லயத்திலேயே நாலு காம்பரா தள்ளி இருந்தான். அவனுடைய கைப்பிள்ளைக்கு அம்மை வந்து இறங்கியிருந்தது. அதன் பிறகு பிள்ளை தேறவில்லை. முட்டையோ மீனோ கொடுக்காவிட்டால் தாங்காது என்று தோட்டத்து டிஸ்பென்சர் சொல்லிவிட்டார். லயத்துக்குள் அப்போது கருவாட்டுத் துண்டுகூட வராது.

"மச்சான், ரெண்டே ரெண்டு" என்றான் மைக்கேல். "அந்தத் தொட்டியில ஆயிரம் கிடக்குதுல்ல. புள்ள கண்ண மூடிக்கிட்டே கிடக்குது மச்சான்."

அடுத்த சனிக்கிழமை இரண்டு மீனை லீக்ஸ் தாளில் சுற்றி, சாக்குக்குள் வைத்து, கோச்சியில் கொண்டுவந்து கொடுத்தேன். ஐந்து வருஷ வேலையில் நான் எடுத்தது அந்த இரண்டுதான்.

மீன் தலையை மைக்கேல் வீட்டில் கானோரம் புதைத்திருக்கிறார்கள். நாய் தோண்டிவிட்டது. புதன்கிழமை காலையில் தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா அந்தப் பக்கம் வந்தபோது, புள்ளி போட்ட துரை மீனின் தலை மைக்கேலின் காம்பரா வாசலில் கிடந்தது. நான் அப்போது பட்டிப்பொலவில் இருந்தேன். சனிக்கிழமை றொசல்ல ஸ்டேஷனில் இறங்கினால் மைக்கேல் நிற்கிறான். பின்னால் ரெஜினா, இடுப்பில் ரீட்டா.

"மச்சான், நாந்தான் சொல்லிட்டேன். நீங்க குடுத்ததுன்னு. பொலிசுக்கு ஆள் விடப் போறேன்னாங்க, பயந்துட்டேன்."

பிளாட்பாரத்தில் எல்லார் முன்னாலும் அவனை அறைந்தேன். அவன் கன்னத்தைத் தடவக்கூட இல்லை. ரெஜினா தலைகுனிந்து நின்றாள். தம்பி செய்த காரியத்துக்கு வெட்கப்படுகிறாள் என்று நினைத்து, அவளுக்கு ஆறுதல் சொன்னதும் நான்தான். அன்று சாயந்தரமே பத்துச்சீட்டு வந்தது. பத்துச்சீட்டு வந்தவனுக்குத் தோட்டத்தில் வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை. ரெஜினா பிள்ளையோடு ஹட்டனில் ஒரு கன்னியர் மடத்தில் துணி துவைக்கப் போனாள். நான் கொழும்புத் துறைமுகத்தில் கூலியாகி, பிறகு ஒரு நோர்வேக் கப்பலில் துடைப்புக்காரனாக ஏறினேன். நாலரை வருஷம் கழித்துத்தான் அவர்களைக் கூப்பிட்டுக்கொள்ள முடிந்தது. அந்த நாலரை வருஷமும் கப்பலில் நான் மைக்கேலைத் திட்டாத நாள் இல்லை.

4

தொட்டி வைத்த முதல் வருஷத்து டிசம்பரில் ஒரு நாள் வேலை முடிந்து வந்து நிலவறைக் கதவைத் திறந்தேன். சுவரெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ரெஜினா தலையில் துணி கட்டி, கையில் மட்டையோடு, முகமெல்லாம் சுண்ணாம்பாகச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"எப்படி இருக்குதுங்க? நத்தாருக்கு லயத்துக்கு அடிப்போம்ல, அதே மாதிரி."

கிறிஸ்மஸ் வந்தால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்காமல் எங்கள் ஆட்களுக்கு இருப்புக்கொள்ளாது. இந்த நாட்டில் மரவீடு, வாடகை வீடு, மேலே அடிக்க விட மாட்டார்கள். நிலவறைச் சுவர் மட்டும்தான் கல். சந்தோஷத்தில் அடித்துவிட்டாள். அடிக்கும்போது சொட்டியது தொட்டிக்குள்ளும் பெட்டிக்குள்ளும் விழுந்திருக்கிறது. சுண்ணாம்பு தண்ணீரில் இறங்கினால் மீன் கழிவின் விஷம் பத்து மடங்கு வீரியம் கொள்ளும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே அன்றுதான் தெரியும். மறுநாள் காலைக்குள் பதினொரு மீன் செத்தது.

நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. தம்பி வேலையைக் கெடுத்தான், அக்கா தொட்டியைக் கெடுத்தாள், உங்கள் இரத்தமே அப்படித்தான் என்றேன். அதன் பிறகு ஒன்பது நாள் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கிறிஸ்மஸ் பூசைக்கும் நான் தனியாக முன்னால் நடந்தேன், தாயும் மகளும் பின்னால் வந்தார்கள். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்போது அதைப் பொறுமை என்று நினைத்தேன்.

5

வீட்டுச் சொந்தக்காரர் எப்படியோ மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து, நகரசபையின் அனுமதிக் கடிதம் இல்லாமல் தொட்டி இருக்கக்கூடாது என்றார். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு. நிலவறையில் மீன் வளர்ப்பதற்கென்று படிவம் இல்லாததால் நகரசபைப் பெண் மூன்று அலமாரி தேடி, வேறு எதற்கோ உள்ள படிவம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதில் இரண்டு கட்டம்: வீட்டு வளர்ப்புப் பிராணி, உணவு உற்பத்தி.

நான் ரீட்டாவை மொழிபெயர்க்கக் கூட்டிப்போயிருந்தேன். என் நோர்வேப் பாஷையைக் கேட்டால் ஆபீஸ்காரர்கள் சத்தமாகப் பேசுவார்கள், காது கேளாதவனிடம் பேசுவது மாதிரி. ரீட்டா பேசினால் சிரிப்பார்கள். அந்தப் பெண்ணும் ரீட்டாவும் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். ரீட்டா விரலால் ஓர் இடத்தைக் காட்டினாள், நான் கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் கேட்டேன்.

"வளர்ப்புப் பிராணின்னு போட்டேன்ப்பா."

"யாரைக் கேட்டுப் போட்ட?"

"உணவுன்னா ரூம் முழுக்க டைல்ஸ் போடணுமாம், செக் பண்ண ஆள் வருவாங்களாம்." ஜன்னல் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அதுவும் இல்லாம, அதுக்கெல்லாம் பேரு இருக்குல்லப்பா. பேரு வச்சத சாப்பிட மாட்டாங்க. நாங்க கொல்ல மாட்டோம்னு அந்த ஆன்ட்டிகிட்ட சொல்லிட்டேன்."

பதின்மூன்று வயதுப் பிள்ளை. என் முன்னாலேயே, என் பெயரால், என் கையெழுத்துக்கு மேலேயே என் மீனுக்கு அடைக்கலம் வாங்கிக் கொடுத்துவிட்டாள். பெரிய மீனுக்கு லார்ஸ் என்று பெயர். அவள் வகுப்பில் ஒரு பையனாம். தோட்டத்தில் பசியில் கால் வீங்கிய பிள்ளைகளைப் பற்றி அவளிடம் சொல்லத் தொடங்கினால், "தெரியும்ப்பா, சொல்லிட்டீங்க" என்பாள். தெரிந்துகொண்டுதான் இதைச் செய்தாள் என்பதே எனக்கு ஆத்திரம்.

6

போன வருஷம் ஆகஸ்டில் என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடிதம் இருந்தது. ரெஜினாதான் வைத்திருந்தாள். மைக்கேல் நோர்வேக்கு வந்துவிட்டான். எண்பத்து மூன்றாம் வருஷத்து இனக் கலவரத்தில் ஹட்டனில் அவன் வேலை செய்த கடை எரிந்து, மூன்று வருஷம் எங்கெங்கோ ஒளிந்து, யார் யாரையோ பிடித்து வந்து சேர்ந்திருக்கிறான். தெற்கே ஓர் அகதி முகாமில் இருந்தான். மனைவியும் பிள்ளையும் இன்னும் ஹட்டனில்.

"நத்தாருக்கு மட்டும் வரச் சொல்லட்டுமாங்க?" என்றாள் ரெஜினா. "தனியா கிடக்குறான்."

"வரட்டும்" என்றேன்.

அவள் நம்பாமல் பார்த்தாள். "பழசு எதுவும் பேச மாட்டீங்கல்ல?"

"பேச என்ன இருக்கு? நல்லா மீன் பொரிச்சு வைப்போம்."

அவள் முகம் மாறியதை நான் கவனித்தேன். ரீட்டாவுக்காகக் கவலைப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து லார்ஸையும் இன்னும் இரண்டு மீனையும் தனித் தொட்டியில் விட்டு, இரையை அளந்து கூட்டினேன். பெக்டரியில் கொட் மீனைக் கீறிக்கொண்டே மைக்கேலிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். ஐந்து மாதத்தில் அந்தப் பேச்சு நான்கு வரியாகச் சுருங்கி, கத்தி மாதிரி ஆகியிருந்தது.

டிசம்பர் வந்ததும் ரெஜினா சுற்றிச் சுற்றி வந்தாள். கடையில் ஆட்டிறைச்சி மலிவாம். பெக்டரியிலேயே நல்ல கொட் கொண்டுவரலாமாம். ரீட்டா அழுவாளாம். "அந்த மீன் மட்டும் வேண்டாமுங்க" என்று ஒருநாள் கையைப் பிடித்துக் கேட்டாள். நான் கையை உதறினேன். பன்னிரண்டு வருஷம் ஆகியும் தம்பியை விட்டுக்கொடுக்கிறாளா பார் என்று நினைத்தேன்.

7

மைக்கேல் இளைத்துப் போயிருந்தான். முகாமில் கொடுத்த கோட்டு அவனுக்கு இரண்டு ஆள் அளவுக்கு இருந்தது. தலை நரைத்துவிட்டது, என்னைவிட ஏழு வயது இளையவனுக்கு. வந்ததும் நிலவறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"பட்டிப்பொல தொட்டி மாதிரியே இருக்குது மச்சான்" என்றான்.

"அதுக்குத்தான் வச்சிருக்கேன்" என்றேன்.

கிறிஸ்மஸ் காலையில் மூன்று மீனையும் நானே அடித்துச் சுத்தம் செய்தேன். ரீட்டா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மத்தியானம் மைக்கேல் போய், "மாமா கூடச் சாப்பிட வர மாட்டியாடா தங்கம்" என்று கெஞ்சிய பிறகு, வீங்கிய கண்ணோடு வந்து உட்கார்ந்தாள். சோறு, பருப்பு, லீக்ஸ் கறி, தேங்காய்ப்பூச் சம்பல். எல்லாவற்றையும் ரெஜினா வைத்தாள். மீனை மட்டும் நான் வைத்தேன். பெரியதை, தலையோடு, மைக்கேலின் தட்டில்.

"இது என்ன மீனுன்னு தெரியுதா மச்சான்?"

"தெரியும்" என்றான். எடுத்துத் தின்றான். அவசரப்படவும் இல்லை, தயங்கவும் இல்லை. முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் வைத்தான். முகத்தில் நான் தேடியது எதுவும் இல்லை. களைத்துப்போனவன் சாப்பிடுகிற முகம்தான் அது.

அதனால் நான் மனப்பாடம் செய்த நான்கு வரியையும் சொன்னேன். "அன்னைக்கு ரெண்டு மீன் குடுத்தேன். உம் புள்ள பொழைச்சுது. நீ என்னைக் காட்டிக் குடுத்த. எம் புள்ள மடத்து வாசல்ல வளர்ந்துச்சு."

ரீட்டா எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். "மாமா என்ன செஞ்சாரு?"

"மாமா பயந்தாங்கொள்ளிம்மா" என்றான் மைக்கேல். சிரித்தான். "உங்கப்பா சொல்றது சரிதான். அன்னைக்கு மாமா ஒரு கேவலமான வேலை செஞ்சேன்."

அடுப்புப் பக்கம் நின்ற ரெஜினா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போதும்டா" என்றாள் தம்பியிடம். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அவன் வாயத் தொறக்கலீங்க. கண்டாக்கையாகிட்டப் போயிச் சொன்னது நான்."

"அக்கா, விடு" என்றான் மைக்கேல்.

"எம் புள்ள முன்னால நீ எதுக்குடா கேவலப்படணும்?" "கண்டாக்கையா இவனை மரத்துல கட்டி வச்சுட்டு, பொலிசுக்கு ஆள் விடப் போனாருங்க. திருடினதுன்னா ஜெயிலு. வாச்சர் குடுத்ததுன்னா வாச்சருக்கு வேலை மட்டும்தான் போகும். இவன் ஜெயிலுக்குப் போனா அந்தப் புள்ள அந்த வாரமே செத்துரும். நான் ஓடிப்போயி, எங்க வீட்டுக்காரருதான் குடுத்தாருங்கய்யான்னு சொன்னேன். பெறகு இவன் கால்ல விழுந்து, நீதான் சொன்னதா சொல்லுடான்னு கேட்டுக்கிட்டேன்."

கீழே பம்பு ஓடிக்கொண்டிருந்தது. மைக்கேல் சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினான். பள்ளிக்கூட உடுப்பில் ஒரு பெண்பிள்ளை, ரீட்டாவைவிட ஒரு வயது குறைவு, இரட்டைப் பின்னல். நான் கொடுத்த மீனைத் தின்று பிழைத்த பிள்ளை. நல்ல முகம். நான் அதைக் கையில் எடுக்கவில்லை.

"அவன் மேல பழியப் போட்டு ஏன் என்னை ஏமாத்தின?" என்றேன். "பன்னெண்டு வருஷம்! ஒரே பாயில படுத்துக்கிட்டு!"

"நாந்தான்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஸ்டேஷன்லயே என்னையும் புள்ளையையும் விட்டுட்டுப் போயிருப்பீங்க" என்றாள் ரெஜினா. "போயிருக்க மாட்டேன்னு சொல்லுங்க. சொல்லுங்க பார்ப்போம்."

ரீட்டா எழுந்து போய்த் தாயின் பக்கத்தில் நின்றாள். கதை முழுவதும் அவளுக்கு விளங்கியிருக்காது, ஆனாலும் எந்தப் பக்கம் நிற்பது என்பதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. மைக்கேலும் அந்தப் பக்கத்து ஆள்தான். மேசையின் இந்தப் பக்கம் நான் மட்டும் இருந்தேன்.

போயிருப்பேன். சத்தியமாகப் போயிருப்பேன். கப்பலேறிய பிறகு திரும்பிப் பார்த்திருக்கவும் மாட்டேன். எனக்கே அன்று மேசையில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அவளுக்கு இருபத்திரண்டு வயதிலேயே தெரிந்திருக்கிறது.

8

மைக்கேலிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மச்சான், நீங்க குடுத்த மீனுதானே" என்றான். அவனுடைய வழக்கு இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் முகாமிலிருந்து டெலிபோன் எடுக்கிறான், நானும் பேசுகிறேன். பன்னிரண்டு வருஷம் சும்மா ஒருவனை வெறுத்திருக்கிறேன் என்பது பெரிய வெட்கம். ஆனால் அந்த வெறுப்பு சுலபமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவன் கடல் கடந்து எங்கோ இருந்தான். இவள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து தேத்தண்ணீர் ஊற்றி வைக்கிறாள். நான் குடிக்கிறேன்.

அவள் செய்தது நியாயம்தான் என்று மனம் சொல்கிற நாட்களும் உண்டு. ஒரு பிள்ளையின் உயிர். அங்கே நின்றிருந்தால் நானேகூட அதைச் செய்யச் சொல்லியிருப்பேன். பிறகு ஸ்டேஷனில் நான் அவளுக்குச் சொன்ன ஆறுதல் ஞாபகம் வரும். கப்பலிலிருந்து எழுதிய கடிதங்களில் மைக்கேலைத் திட்டிய இடங்கள் ஞாபகம் வரும். அவற்றை மடத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு, "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் எழுதியவள் இவள். உண்மை தெரிந்த ஒருத்தி, ஒரு முட்டாளைப் பன்னிரண்டு வருஷம் பேச விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். காட்டிக் கொடுத்ததைக்கூட மன்னித்துவிடலாம் போலிருக்கிறது. இதை முடியவில்லை.

வெளியே எதுவும் மாறவில்லை. தொட்டியில் இப்போது இருபத்தொரு குஞ்சு. லீக்ஸ் நன்றாக வந்திருக்கிறது. ரீட்டா மீனுக்குப் பெயர் வைப்பதை விட்டுவிட்டாள், நிலவறைக்கே வருவதில்லை. தாயும் மகளும் குசினியில் அவர்கள் பாஷையில் பேசிக்கொள்கிறார்கள். ரெஜினா எப்போது இவ்வளவு நோர்வேப் பாஷை படித்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் உள்ளே வந்தால் தமிழுக்கு மாறிவிடுகிறார்கள்.

ஒரு வாரமாக நான் குசினி மேசையில் உட்கார்ந்து இதை எழுதுவதை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்று காலையில் கேட்டாள்.

"அப்படி என்னங்க எழுதுறீங்க, இத்தனை தாளு?"

"ஊர்ப் பத்திரிகைக்கு" என்றேன். "மீன் வளர்க்கிறதப் பத்தி."

அவளுக்குச் சந்தோஷம். "நல்லா விவரமா எழுதுங்க. றொசல்லையில நம்ம சனமெல்லாம் படிக்கும்ல" என்று சொல்லிவிட்டு, இரை டின்னை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

படிக்கும். ஒருவர் வாசிக்க லயமே கேட்கும். அவளுக்குப் பத்திரிகை கப்பல் தபாலில் வந்து சேர இரண்டு மாதம் ஆகும், அதற்குள் அங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

நாளைக்கும் எனக்கு ஆறு மணி வேலை, தபால் கந்தோர் திறக்கிற நேரத்தில் நான் பெக்டரியில் இருப்பேன். உறையை ஒட்டி, மறக்காமல் தபாலில் போடச் சொல்லி அவள் கையில்தான் கொடுத்துவிட்டுப் போகப் போகிறேன்.